சொந்தக் குரலுக்குத்தான் ஆள் நிற்கும்

நடுவர் அவர்களே, சேலத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கமுங்க. யூடியூபில் நிலைக்க வைப்பது டிரெண்டா, சொந்த முகமா என்பது வழக்கு. நான் சொந்த முகத்தின் பக்கம். ஓடுகிற பாட்டுக்கு வாயசைத்தால் லட்சம் பேர் பார்ப்பார்கள், சொந்தமாகப் பேசினால் கேலிதான் மிஞ்சும் என்று எதிரணித் தலைவர் சொல்லிவிட்டுப் போனார்.

லட்சம் பேர் பார்க்கட்டும். கணக்கைப் பாருங்கள். விளம்பர வருமானத்தில் பங்கு வேண்டுமென்றால் 1,000 சந்தாதாரர்கள், கூடவே 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வை. ஷார்ட்ஸ் வரிசையில் ஓடும் பார்வை இந்த 4,000இல் ஒரு நிமிடம்கூடச் சேராது. ஷார்ட்ஸ் மட்டுமே போதும் என்றால் 90 நாளில் 1 கோடி பார்வை வேண்டும். நீள வீடியோவை ஆளுக்கு 4 நிமிடம் பார்த்தால் 60,000 பார்வையில் மணிக்கணக்கு முடிந்துவிடும். அந்த 4 நிமிடம் எதற்காக உட்காருவார்கள்? செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் கொலுசு வளையத்தைப் பற்றுப்பொடி வைத்துத் தீயை ஊதி ஒட்டுகிறவர், "பொடி முதலில் உருகணும், தீ கொஞ்சம் கூடினாலும் வளையமே உருகிடும்" என்று வேலையைக் காட்டிக்கொண்டே சொன்னால் உட்காருவார்கள். இரவல் பாட்டில் அது வராது.

சரி, கேமரா முன்னால் பேசுகிற பயம். "தைரியமா இரு" என்று சொல்வதால் பயம் போகாது, காரணம் தெரிந்தால் போகும். நம் குரலை நாம் மண்டை எலும்பு வழியாகவும் கேட்கிறோம், அதனால் கனமாகக் கேட்கிறது. பதிவில் அந்தக் கனம் இல்லை, மெலிந்து கேட்கிறது. ஊர் எந்நாளும் கேட்பது இந்த மெலிந்த குரலைத்தான்! முகமும் அப்படியே. நமக்குப் பழகியது கண்ணாடியில் இடம்வலம் மாறிய முகம், பதிவில் வருவது நேர்முகம். கைநீளத்தில் எடுத்தால் மூக்கு வேறு பெருத்துத் தெரியும். போனை ஐந்தடி தள்ளிக் கண் உயரத்தில் வையுங்கள். பின்பக்கக் கேமரா, ஜன்னல் வெளிச்சம் முகத்துக்கு எதிரே. எழுதிவைத்துப் படிக்க வேண்டாம், நாலு குறிப்பு போதும்.

அப்பவும் கூச்சமா? கையை மட்டும் காட்டுங்கள். தட்டுவடைமேல் சட்னி தடவி, துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வைக்கிற கையும் உங்கள் குரலும் இருந்தால் ஆரம்பத்துக்குப் போதும். ஏற்காடு பகோடா பாயின்ட்டில் நின்று பேசுகிறவர் மைக்குக்குப் பஞ்சு உறை மாட்டாமல் பேசக் கூடாது. காற்றிரைச்சல் பதிந்துவிட்டால் எடிட்டிங்கில் முழுசாகப் போகாது.

கேலிக்கு வழி இருக்கிறது. சேனலை நிர்வகிக்கும் யூடியூப் ஸ்டுடியோவில், கமென்ட்டை நிறுத்திவைக்கும் தடைச்சொல் பட்டியல் உண்டு. வசவைத் தமிழ் எழுத்திலும் சேர்க்கணும், ஆங்கில எழுத்திலும் சேர்க்கணும். ஒன்றை விட்டால் அந்தச் சந்தில் நுழைவார்கள். ஓயாமல் திட்டுகிறவரைச் சேனலிலிருந்து மறைத்தால் அவர் கமென்ட் மற்றவர்களுக்குத் தெரியாது. "சத்தம் சரியில்லை" என்கிறவரை மட்டும் மறைத்துவிடாதீர்கள், உதவுகிறவர் அவர். சொந்த முகம் என்பதற்காகத் தெருப் பெயரையும் பிள்ளையின் பள்ளிச் சீருடையையும் படத்தில் விடவும் கூடாது.

இன்னொன்று, நடுவர் அவர்களே. 2025 ஜூலையில் யூடியூப் தன் விதியைத் தெளிவாக்கியது. ஒரே மாதிரி மொத்தமாகச் செய்து குவிக்கும் வீடியோக்களுக்கு வருமானம் கிடையாது. அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.