சடங்கை என்ன செய்கிறது சிகிச்சை? – ஓ.சி.டி. மனநல சிகிச்சைகள், ஓர் ஒப்பீடு

அவையோருக்கு வணக்கம்.

எண்ணச் சுழற்சி நோய் என்றும் ஓ.சி.டி. என்றும் சொல்லப்படும் நோய்க்கு இரண்டு பகுதிகள் உண்டு. அழையாமலே மனத்துக்குள் புகுந்து அச்சத்தையோ அருவருப்பையோ கிளப்பும் எண்ணம் ஒன்று; அந்தத் தவிப்பைத் தணிக்கத் திரும்பத் திரும்பச் செய்யும் சடங்கு மற்றொன்று. கை கழுவுவதும் பூட்டை இழுத்துப் பார்ப்பதும் மட்டுமே சடங்கு என்று எண்ணிவிடக் கூடாது. சாமி கும்பிடும்போது தெய்வத்தைப் பற்றிய ஆபாசமான காட்சியொன்று மனத்தில் தோன்றிவிட, அதற்குப் பரிகாரமாகச் சுலோகத்தை முதலிலிருந்து பிழையின்றிச் சொல்லி முடிக்கும்வரை பூசையறையை விட்டு வெளியே வர முடியாதவர்களும் இந்த நோயாளிகள்தாம். பார்ப்பவர்களுக்கு அது பக்தியாகவே தெரியும். சடங்கு முடிந்ததும் கிடைக்கும் சிறிது நேர நிம்மதிதான் நோய்க்கு உரம். ஆகவே சிகிச்சைகளை ஒப்பிடும்போது, ஒவ்வொன்றும் இந்தச் சடங்கை என்ன செய்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய விக்டர் மேயர், நெடுநாள் நோயாளிகள் இருவருக்கு அளித்த சிகிச்சையை 1966இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். எதைக் கண்டு அஞ்சினார்களோ அதையே அவர்கள் எதிர்கொள்ள வேண்டும். எதிர்கொண்ட பின் சடங்கில் இறங்காதபடி செவிலியர்கள் உடனிருந்து பார்த்துக்கொள்வார்கள். கழுவிக்கொண்டே இருந்தவரின் அறையில் தண்ணீர்க் குழாய்கள்கூட அடைக்கப்பட்டன. இன்று அப்படிக் கட்டாயப்படுத்துவதில்லை. எளிதானதிலிருந்து கடினமானது வரை ஒரு பட்டியலை நோயாளியே சிகிச்சையாளருடன் சேர்ந்து தயாரிக்கிறார். குப்பைத் தொட்டியின் மூடியைத் தொட்டுவிட்டு, பதற்றம் நூற்றுக்கு எவ்வளவு என்று சொல்லியபடியே, கை கழுவாமல் அமர்ந்திருக்கிறார். எதிர்கொள்வதும் சடங்கைத் தவிர்ப்பதும் சேர்ந்த, இ.ஆர்.பி. எனப்படும் சிகிச்சை இதுதான்.

இதன் வலிமையைத் தெளிவாகக் காட்டியது எட்னா ஃபோவாவும் அவருடைய குழுவினரும் 2005இல் வெளியிட்ட ஆய்வு. ஃபிலடெல்ஃபியா, நியூயார்க், வினிபெக் ஆகிய நகரங்களில் 122 பேர் பங்கேற்றனர். 12 வாரங்களின் முடிவில் நல்ல முன்னேற்றம் கண்டவர்கள் இ.ஆர்.பி. பெற்றவர்களில் 62 சதவீதம். ஓ.சி.டி.க்குத் தரப்படும் குளோமிப்ரமின் மாத்திரை பெற்றவர்களில் 42 சதவீதம். இரண்டும் சேர்த்துப் பெற்றவர்களில் 70 சதவீதம். வெற்று மாத்திரை பெற்றவர்களில் 8 சதவீதம். இந்த எண்களை மேற்கோள் காட்டுபவர்கள் பலர் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்: அங்கே அளிக்கப்பட்டது, ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம் நீளும் அமர்வுகளைத் தொடக்க வாரங்களிலேயே அடுத்தடுத்து நடத்திய தீவிர சிகிச்சை. மாதம் ஒரு முறை அரை மணி நேரம் பேசி அனுப்பிவிட்டு அதே பலனை எதிர்பார்ப்பது நியாயமாகாது.

அடுத்தது, எண்ணத்துக்கு நோயாளி கொடுக்கும் பொருளை மாற்ற முயலும் அறிவாற்றல் சிகிச்சை. இலங்கையரான பத்மால் டி சில்வாவும் ஸ்டான்லி ராக்மனும் 1978இல் வெளியிட்ட ஆய்வு, நோயாளிகளைத் துன்புறுத்தும் எண்ணங்களைப் போன்றவை நோயற்றவர்களுக்கும் பரவலாகத் தோன்றுகின்றன என்று காட்டியது. எனக்கு மிகவும் ஆறுதல் தரும் ஆய்வு இது. அப்படியானால் நோய் எண்ணத்தில் இல்லை. அதற்கு நாம் கொடுக்கும் பொருளில்தான் இருக்கிறது. 'நினைத்துவிட்டேன், இனி ஏதாவது தீங்கு நேர்ந்தால் அதற்கு நானே பொறுப்பு' என்ற மிகையான பொறுப்புணர்வே நோயை இயக்குகிறது என்று பால் சால்கோவ்ஸ்கிஸ் 1985இல் விளக்கினார். இந்தச் சிகிச்சை இ.ஆர்.பி.க்குப் பெரிதும் பின்தங்கியதல்ல. ஆனால் இதிலும் நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கச் சொல்லி, சடங்கைச் செய்யாமல் இருக்கும் பரிசோதனைகள் இடம்பெறுவதால், இரண்டையும் முற்றிலும் வேறானவையாகக் கருதுவது கடினம்.

மூன்றாவதான ஏற்பு–உறுதி சிகிச்சை, சடங்கை என்ன செய்கிறது என்று பார்க்கும் என் அளவுகோலுக்கே ஒரு சோதனை. மைக்கேல் டூஹிக்கும் அவருடைய குழுவினரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில் 79 பேர் பங்கேற்றனர். அமர்வுக்குள் எதிர்கொள்ளும் பயிற்சி இல்லாமலேயே, எட்டு அமர்வுகளில் இது உடலைத் தளர்த்தும் பயிற்சியைவிடக் கூடுதல் பலன் தந்தது. எனினும் எண்ணத்தை விரட்டாமல் இருக்க விட்டு, சடங்கில் இறங்காமல், தமக்கு முக்கியமான வேலையைத் தொடரவே இதுவும் பழக்குகிறது. இதை இ.ஆர்.பி.யுடன் சேர்த்து அளித்துப் பார்த்த 2018ஆம் ஆண்டின் ஆய்வில், இ.ஆர்.பி.யைத் தனியாகப் பெற்றவர்களும் அதே அளவுக்கு முன்னேறினார்கள்.

ஆக, நல்ல சிகிச்சைகளுக்கு இடையே உள்ள வேறுபாடு சிறிது. அவற்றுக்கும் வெறும் தேறுதல் பேச்சுக்கும் இடையே உள்ள வேறுபாடு பெரிது. தேறுதல் வீட்டிலேயே தாராளமாகக் கிடைக்கிறது. "கேஸை மூடிட்டேனாம்மா?" என்று மகள் கேட்கும் ஒவ்வொரு முறையும் "மூடிட்டே கண்ணு" என்று தாய் பதில் சொல்கிறார், அன்பினால் சொல்லும் அந்தப் பதிலே மகளின் சடங்கில் ஒரு பகுதியாகிவிடுகிறது. திடீரென்று வாயை மூடிக்கொள்வதும் கொடுமைதான். எந்தக் கேள்விக்கு எப்போதிலிருந்து பதில் சொல்வதில்லை என்பதை மகளின் சம்மதத்தோடு முன்கூட்டியே முடிவு செய்து, படிப்படியாகக் குறைக்க வேண்டும். சிகிச்சையாளரைத் தேடிச் செல்லும் குடும்பத்தினர், "எதிர்கொள்ளும் பயிற்சியை நீங்களே உடனிருந்து செய்ய வைப்பீர்களா? வீட்டில் நாங்கள் எதை நிறுத்த வேண்டும்?" என்று முதல் நாளிலேயே தயங்காமல் கேளுங்கள்.