சேம்பிலையில் உருளும் நீர்

(நூலக அரங்கில் ஆற்றிய உரையிலிருந்து)

என் கையில் இருப்பது சேம்பு இலை. காலையில் சிங்கப்பூர் தேக்கா சந்தையில் வாங்கியது. இதன்மேல் ஒரு கரண்டி தண்ணீர் விடுகிறேன். பார்த்தீர்களா? பாதரசம்போல் உருண்டு விளிம்பு வழியே விழுந்துவிட்டது. இலை நனையவே இல்லை.

"தாமரை இலைத் தண்ணீர்" என்று ஒட்டியும் ஒட்டாமலும் பழகும் உறவைச் சொல்வோம். என் அம்மா வாயில் அடிக்கடி வரும். சேம்பிலையும் தாமரை இலை போலத்தான். ஆனால் தண்ணீர் ஏன் ஒட்டுவதில்லை?

ஜெர்மனியின் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் 1970களில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இலைகளை ஆராய்ந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. வழவழப்பான இலைகளைத்தான் கழுவ வேண்டியிருந்தது. சொரசொரப்பானவை சுத்தமாகவே இருந்தன. நாம் நினைப்பதற்கு நேர்மாறு! தாமரை இலை முழுக்கக் குட்டி மேடுகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. அவற்றின்மேல் அதைவிடச் சிறிய மெழுகுக் குழல்கள். நீர்த்துளி அந்த நுனிகளில்தான் உட்காருகிறது, அடியில் எல்லாம் காற்று. உருளும்போது தூசியையும் வாரிக்கொண்டு போகிறது. 1999இல் இதே உத்தியில் வெளிச்சுவர்ப் பெயின்ட் விற்பனைக்கு வந்தது. மழையும் பாசியும் ஓயாத நம் ஊர்ச் சுவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த இலைதான் நினைவுக்கு வரும்.

மெழுகு வாழை இலையிலும் உண்டு. சிராங்கூன் ரோட்டில் சாப்பிட உட்காரும்போது கவனியுங்கள்: ரசம் ஓடும், ஆனால் இப்படி முத்தாக உருளாது. ஆகவே எதனால் ஆனது என்பது பாதிக் கதைதான். எப்படி அடுக்கியிருக்கிறது என்பதே, பொருள்களின் அமைப்பை ஆராயும் எங்கள் பொருளறிவியலின் உயிர்.

டுரியானை எடுத்துக்கொள்ளுங்கள். பாதிக்கு மேல் தோல்தான், அத்தனையும் குப்பைக்குப் போகிறது. அதில் இருக்கும் செல்லுலோஸ் என்ற நார்ப்பொருள்தான் உங்கள் பருத்திச் சேலையிலும் இருக்கிறது. 2021இல் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தத் தோலிலிருந்து செல்லுலோஸைப் பிரித்து, கிளிசராலோடு சேர்த்து, புண்ணைக் குளிர்ச்சியாகவும் ஈரமாகவும் வைக்கும் கூழ்க்கட்டு செய்தார்கள். கிருமியைத் தடுக்க, ஈஸ்ட்டிலிருந்து எடுத்த சேர்மங்கள். அதன்பிறகு டுரியான் தோலைக் குப்பை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2003இல் நாம் புதுநீர், அதாவது கழிவுநீரைச் சுத்திகரித்துப் பெறும் நீர், குடிக்கத் தொடங்கினோம். அதே ஆண்டில், உயிரணுச் சவ்வில் தண்ணீரை மட்டும் கடத்தும் அக்வாபோரின் புரதத்தைக் கண்டறிந்ததற்காக பீட்டர் ஆக்ரேவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் ஆலைகள் பெரும் அழுத்தத்தில் தண்ணீரைச் சவ்வுக்குள் தள்ளுகின்றன. நம் சிறுநீரகமோ அந்தப் புரதத்தைக் கொண்டு சத்தமே இல்லாமல் தண்ணீரை மீட்டுக்கொண்டிருக்கிறது. அந்தப் புரதத்தையே சவ்வில் பதிக்கும் வேலையும் நடக்கிறது.

இப்போது இந்த இலையின் ஓர் ஓரத்தை மட்டும் கட்டைவிரலால் அழுத்தித் தேய்க்கிறேன். மறுபடி தண்ணீர். பாருங்கள், ஒட்டிக்கொண்டு நிற்கிறது! இலை அதே இலைதான். என் விரல் மேடுகளை நசுக்கி, மெழுகைக் கலைத்துவிட்டது. இன்னும் நான்கு இலைகள் இருக்கின்றன. பிள்ளைகளே, மேடைக்கு வாருங்கள்.