மூடி வைத்த லேப்டாப்பில் சார்ஜ் எங்கே போகிறது?

காலையில் ஜூரோங் ஈஸ்ட்டில் எம்ஆர்டி ஏறும்போது 100 சதவீதம். தெம்பனிஸில் இறங்கித் திறந்தால் 85. இடையில் நீங்கள் தொடவே இல்லை, பைக்குள் மூடியபடிதான் இருந்தது, ஆனால் கை வைத்தால் சுடுகிறது. உடனே புது பேட்டரி தேடி சிம் லிம் ஸ்குவேருக்கு ஓடாதீர்கள்.

[திரையில்: கமாண்ட் பிராம்ப்ட், பேட்டரி ரிப்போர்ட் கட்டளை]

விண்டோஸ் என்றால் கமாண்ட் பிராம்ப்ட்டை, அதாவது கட்டளைகளை எழுத்தில் அடிக்கும் திரையைத் திறந்து, powercfg /batteryreport என்ற வரியை அப்படியே அடியுங்கள், ஓர் அறிக்கை வரும். அதில் டிசைன் கெப்பாசிட்டி (புதிதில் இருந்த கொள்ளளவு), ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி (இப்போது முழுதாக ஏறும் அளவு) என்று இரண்டு எண்கள். 50,000 மில்லிவாட் ஹவர் என்று இருந்தது இப்போது 46,000 என்றால் பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. 25,000 என்றால் சரி, கடைக்கே போங்கள்.

பேட்டரி நன்றாக இருக்கிறதா? அப்படியானால் செட்டிங்ஸில் சிஸ்டம், பவர் அண்ட் பேட்டரி, பேட்டரி யூசேஜ். ஏழு நாள் கணக்கை எடுத்து, பேக்கிரவுண்ட் பயன்பாட்டின்படி வரிசைப்படுத்துங்கள். தைப்பூச வீடியோக்களை எல்லாம் ஒன்டிரைவ் ஃபோல்டரில் கொட்டியிருந்தால் அது கமுக்கமாக ஏற்றிக்கொண்டே இருக்கும். வெளியில் இருக்கும்போது இந்த சிங்க்கை, அதாவது தானாக இணையத்தில் ஏற்றுவதை, நிறுத்தி வையுங்கள். குரோமை மூடின பிறகும் அதன் சில வேலைகள் ஓடலாம், அதை நிறுத்தும் பொத்தான் குரோம் செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதியில் இருக்கிறது.

[திரையில்: ஸ்லீப் ஸ்டடி அறிக்கை]

பை சூடாவதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு. முன்பெல்லாம் ஸ்லீப் போட்டால் மெமரிக்கு மட்டும் கொஞ்சம் கரண்ட் போகும், மற்றதெல்லாம் அடங்கிவிடும். இப்போது வரும் பல லேப்டாப்களில் இருப்பது மாடர்ன் ஸ்டாண்ட்பை, அதாவது மூடியிருந்தாலும் போன் மாதிரி நெட்டில் இருந்து மெயில் வாங்கும், அப்டேட் பார்க்கும், இதில் ஏதாவது ஒரு டிரைவரோ (உள்ளே உள்ள பாகங்களை இயக்கும் மென்பொருள்) செயலியோ அடங்க மறுத்தால் பையிலேயே முழு வேகத்தில் ஓடும். யார் அந்த ஆள் என்று காட்டுவதுதான் இந்த ஸ்லீப் ஸ்டடி அறிக்கை, கட்டளை powercfg /sleepstudy. கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால்தான் வரும். ஒவ்வொரு ஸ்லீப்பிலும் எவ்வளவு சார்ஜ் இறங்கியது என்று இருக்கும். அதிகம் இறங்கியதைத் தட்டினால் எது விழித்திருந்தது என்று பெயரோடு தெரியும். அதை அப்டேட் செய்யுங்கள், தேவையில்லாத செயலி என்றால் தூக்குங்கள்.

அதற்கெல்லாம் பொறுமை இல்லையா? கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், மூடியை மூடினால் ஹைபர்னேட் ஆகும்படி, அதாவது திறந்திருப்பதைச் சேமித்துவிட்டு முழுதாக அணையும்படி, மாற்றிவிடுங்கள். என்னைக் கேட்டால் தினமும் ரயிலில் போகிறவர்களுக்கு இதுதான் நல்லது. திறக்கும்போது கொஞ்சம் நேரம் கூடுதலாக எடுக்கும், அவ்வளவுதான்.

மேக் வைத்திருப்பவர்கள் ஆக்டிவிட்டி மானிட்டரில் எனர்ஜி டேபைத் திறந்து, கடந்த 12 மணி நேரக் கணக்கைப் பாருங்கள்.