இறந்தவளின் கண்பாவை

நண்பர்களே, வணக்கம். படத்தில் பிழை பிடிப்பதற்கென்றே டிக்கெட் வாங்குகிறவர்கள் சிலர் உண்டு. நானும் அந்தக் கூட்டம்தான். இன்னும் சற்று நேரத்தில் நீங்கள் பார்க்கப்போகும் 'சைக்கோ', ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 1960இல் வெளியிட்ட கறுப்பு வெள்ளைப் படம்.

தொடக்கத்திலேயே பீனிக்ஸ் நகரம், வெள்ளிக்கிழமை, டிசம்பர் 11 என்று எழுத்து வரும். நாள் சொல்லுமளவுக்கு அதில் கதை ஏதுமில்லை. வெளிப்புறக் காட்சி எடுத்தவர்கள் கொண்டுவந்த சுருளில் தெருவெல்லாம் கிறிஸ்துமஸ் தோரணம் தெரிந்தது. திரும்பப் போய் எடுப்பதைவிடத் தேதி போடுவது சுலபம். தேதி போட்டார்கள் சரி, படம் முழுக்க ஒருவர் வாயிலும் கிறிஸ்துமஸ் என்ற சொல் வராது!

திரையில் முக்கால் நிமிடம் ஓடும் குளியலறைக் கொலையை ஏழு நாள் எடுத்தார்கள். வடியும் ரத்தம் சாக்லேட் பாகு, கத்தி பாயும் ஓசை முலாம்பழத்தைக் குத்தியது. இதெல்லாம் நீங்கள் கேட்ட கதைதான்.

கொலைக்குப் பின் வருவதைக் கவனியுங்கள். தண்ணீர் சுழன்று சுழன்று வடிகால் துளைக்குள் இறங்கும். அந்தக் கருந்துளை கரைந்து, கொலையுண்டவளாக நடித்த ஜேனட் லீயின் கண்ணாக மாறும். கன்னம் தரையில் அழுந்த, விழி திறந்தபடி அவர் கிடக்க, கேமரா மெல்லப் பின்வாங்கும். படத்தை முடித்துப் போட்டுப் பார்த்தபோது எவருக்கும் குறை தெரியவில்லை. ஹிட்ச்காக்கின் மனைவி ஆல்மா ரெவில் மட்டும், இதை இப்படியே வெளியிட முடியாது, பிணம் அசைகிறது என்றார். ஜேனட் லீ மூச்சு விட்டார் என்பாரும் உண்டு, எச்சில் விழுங்கினார் என்பாரும் உண்டு. எதுவானாலும் அந்த இடத்தை வெட்டித் திருத்தினார்கள். ஆல்மா, கணவருக்கு முன்பே ஸ்டூடியோவில் படத்தொகுப்பு வேலைக்குச் சேர்ந்தவர். அந்தக் கண்ணுக்கு எப்படித் தப்பும்?

தப்பியது ஒன்று உண்டு. படம் வெளிவந்தபின் கண் மருத்துவர்கள் ஹிட்ச்காக்குக்குக் கடிதம் எழுதினார்கள். உயிர் போனால் தசை தளர்ந்து கண்பாவை விரிந்துவிடும். உங்கள் பிணத்துக்கோ சுருங்கியிருக்கிறதே என்று. சுருங்காமல் என்ன செய்யும்? உயிருள்ள பெண், எதிரே ஸ்டூடியோ விளக்கு! பரிகாரத்தையும் அவர்களே சொன்னார்கள்: கண்பாவையை விரிக்கும் பெல்லடோனா சொட்டு மருந்து. நம்மூர்க் கண் ஆஸ்பத்திரியில் சொட்டு விட்டு, கண்ணை மூடி உட்கார வைப்பார்களே, அதே வேலைதான். பிந்தைய படங்களில் ஹிட்ச்காக் இதைப் பயன்படுத்திக்கொண்டார்.

என்னைக் கேட்டால், கடைசியில் ஒரு மனநல மருத்துவர் வந்து எல்லாவற்றையும் நீட்டி முழக்கி விளக்குவதுதான் இதைவிடப் பெரிய பிழை. அதை எந்தச் சொட்டு மருந்தாலும் சரிசெய்ய முடியாது.

விளக்கை அணைக்கப்போகிறார்கள். முன்வரிசையில் இடமிருக்கிறது, பாவை அங்கிருந்து நன்றாகத் தெரியும்.