கார்ப்பரேட்டரில் கை வைக்கும் முன்: பழைய 100 சிசி வண்டியில் பெட்ரோல் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி

[திரையில்: ஒரு பழைய ஸ்பிளெண்டர். டேங்க் மூடி திறக்கப்படுகிறது.]

வணக்கம். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது புது பைக்குகள் பெரும்பாலும் எஃப்ஐ-க்கு (கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் முறை) மாறிவிட்டன, ஆனால் அதற்கு முன் வாங்கிய ஸ்பிளெண்டர், பேஷன், டிஸ்கவர், எக்ஸ்எல் சூப்பர் எல்லாம் இன்னும் பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்ப்பரேட்டரில்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. இந்த வண்டிகள் மக்கர் செய்தால் உடனே கார்ப்பரேட்டரைக் கழற்றுகிறோம், இல்லையென்றால் ஏர் ஸ்க்ரூவை இஷ்டத்துக்குத் திருகுகிறோம். இரண்டும் வேண்டாம். டேங்கில் ஆரம்பித்து, பெட்ரோல் வருகிற வழியிலேயே கீழே இறங்கி வாருங்கள், பாதிக் கோளாறு கார்ப்பரேட்டருக்கு வருவதற்கு முன்பே அகப்பட்டுவிடும்.

முதலில் டேங்க் மூடி. இதில் காற்று போக ஒரு சின்னத் துளை உண்டு. அது அடைத்துக்கொண்டால் பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் உருவாகி, கொஞ்ச தூரம் நன்றாக ஓடிய வண்டி திணறி நின்றுவிடும், சற்று நேரம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். நின்ற இடத்திலேயே மூடியைத் திறந்து பாருங்கள். காற்று 'உஸ்' என்று உள்ளே இழுத்து, உடனே வண்டி ஸ்டார்ட் ஆனால் கோளாறு மூடியில்தான்.

[திரையில்: கார்ப்பரேட்டரின் கீழே டிரெய்ன் ஸ்க்ரூ, அதிலிருந்து வரும் டியூபின் கீழ் ஒரு கண்ணாடி பாட்டில்.]

அடுத்ததுதான் இந்த வீடியோவிலேயே முக்கியமான சோதனை. இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், திறந்த வெளியாக இருக்க வேண்டும், பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது. டேங்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் காக்கை ஆன் செய்துவிட்டு, கார்ப்பரேட்டர் கப்பின் அடியில் இருக்கும் டிரெய்ன் ஸ்க்ரூவை மெதுவாகத் தளர்த்துங்கள். முதலில் கப்பில் தேங்கியிருந்தது வரும், அது தீர்ந்த பிறகும் பெட்ரோல் விடாமல் ஒழுக வேண்டும். சொட்டுச் சொட்டாகி நின்றுவிட்டால் காக், டியூப், ஃபில்டர் இவற்றில் எங்கோ அடைப்பு, அல்லது கப்புக்குள் பெட்ரோலை விடும் நீடில் வால்வு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பிடித்த பெட்ரோலைக் கொட்டிவிடாதீர்கள், கொஞ்ச நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தனியாக ஒரு அடுக்கு பிரிந்து நின்றால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. எத்தனாலுக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு, மழையில் மூடி வழியாகத் தண்ணீர் இறங்கி அளவு கூடிவிட்டால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கும். காக் உறிஞ்சுவதும் அந்த அடிப்பகுதியிலிருந்துதான், அதனால் கப்பை மட்டும் காலி செய்து பயனில்லை, டேங்கையும் காலி செய்துதான் ஆக வேண்டும்.

இன்னொன்று. சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு ஏறக்குறைய 9 கிலோ போதும். எஃப்ஐ வண்டியில் சென்சார் பார்த்துச் சரிக்கட்டிக்கொள்ளும், கார்ப்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டின் துளை மாறாதே, ஆகவே இ20 போட்டதும் கலவை கொஞ்சம் லீன் (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு) ஆகிறது. காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பதற்கும் சோக் (காற்றைக் குறைத்துக் கலவையில் பெட்ரோலைக் கூட்டும் லிவர்) அதிக நேரம் கேட்பதற்கும் இது ஒரு காரணம். பழைய ரப்பர் டியூபும் ஓ-ரிங்கும் இதில் சீக்கிரம் கெட்டுப்போகலாம், விரிசல் தெரிந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள்.

சரி, பெட்ரோல் ஒழுங்காக வருகிறது, வண்டி மட்டும் சரியில்லையா? சோக்கை இழுத்துப் பாருங்கள். சோக் போட்டதும் நன்றாக ஓடினால் பெட்ரோல் போதவில்லை, இன்னும் மோசமானால் பெட்ரோல் அதிகம். பிளக்கும் அதையே சொல்லும்: கரி பிடித்துக் கறுத்திருந்தால் ரிச் (பெட்ரோல் அதிகம்), வெளுத்திருந்தால் லீன், இளம் பழுப்பு சரி. கறுப்பாக இருந்தால் முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள், அது தூசியில் அடைத்திருந்தாலும் பிளக் கறுக்கும்.

ஆக்சிலேட்டரை விட்டதும் ஆஃப் ஆகி, திருகிப் பிடித்தால் ஓடுகிறது என்றால் ஸ்லோ ஜெட் அடைப்பு. பாதி திருகிய நிலையில் மட்டும் திணறினால் ஜெட் நீடில் (ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கும் ஊசி). முழுதாகத் திருகும்போது இழுக்கவில்லை என்றால் மெயின் ஜெட். பெட்ரோல் வெளியே ஒழுகினால் நீடில் வால்வில் தூசி, அல்லது கப்பில் மிதந்து அந்த வால்வை மூடும் ஃப்ளோட் ஓட்டையாகிக் கனத்துவிட்டது. ஸ்க்ரூட்ரைவர் கைப்பிடியால் கப்பில் லேசாகத் தட்டினால் சில சமயம் தூசி விலகிவிடும். ஒழுகல் இருந்த வண்டியில் இன்ஜின் ஆயிலை முகர்ந்து பார்க்காமல் கிக்கரில் கால் வைக்காதீர்கள், பெட்ரோல் ஆயிலில் கலந்திருந்தால் பேரிங் தேய்ந்துவிடும்.

[திரையில்: கழற்றிய ஸ்லோ ஜெட், வெளிச்சத்துக்கு நேராக.]

ஜெட்டைக் கழற்ற வேண்டியதாகிவிட்டால் ஊசி, கம்பி எதையும் விடாதீர்கள். ஜெட் பித்தளை, ஸ்லோ ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர்கூட இல்லை, ஒரு கீறல் விழுந்தாலே அளவு மாறிவிடும். கார்ப் கிளீனர் அடித்து, ஊறவிட்டு, காற்று அடித்தால் போதும். பெரிய வண்டிகளில் ரப்பர் டயாஃப்ராம் (மெல்லிய சவ்வு) உள்ள சிவி வகை கார்ப்பரேட்டர் என்றால் அந்த டயாஃப்ராமைக் கழற்றி வைத்துவிட்டு அடியுங்கள்.

கலவை ஸ்க்ரூ கடைசி வேலை. மென்மையாக உள்ளே முட்டும்வரை எத்தனை சுற்று போகிறது என்று எண்ணி எழுதிக்கொண்ட பிறகே கழற்றுங்கள், மாட்டும்போது அதே அளவில் வையுங்கள். ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றுக்கானது, மூட மூட ரிச் ஆகும். இன்ஜின் பக்கம் இருந்தால் பெட்ரோலுக்கானது, மூட மூட லீன். வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டி நன்றாகச் சூடேற்றிய பிறகு, ஐடில் (ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஓடும்) சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டே கால் சுற்று கால் சுற்றாகத் திருப்புங்கள்.