குழிக்குள் உட்கார்ந்து காசு அடித்தவர்

[திரையில்: செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட பழைய படம்]

படத்தில் அந்தக் குழியைப் பாருங்கள். அதற்குள் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். எதிரே பெரிய இரும்புப் பொறி. இது பிரான்சின் நாணயச் சாலை. பிரெஞ்சு எழுத்தாளர் திதரோ பதிப்பித்த கலைக்களஞ்சியத்துக்கு, 1762 முதல் 1772 வரை, படங்களுக்கென்றே 11 தொகுதிகள் வந்தன. அவற்றில் காசு அடிக்கும் தொழிலுக்கும் இடம் கொடுத்தார்கள்.

[நெருக்கத்தில்: பொறியின் உச்சி]

மேலே நீண்ட இரும்புக் கை. இரு முனையிலும் கனத்த குண்டு. ஆட்கள் கயிற்றைப் பிடித்து இழுத்ததும் கை சுழலும், திருகு இறங்கும், மேல் அச்சு வந்து மோதும். ஒரே அடியில் பூவும் தலையும் விழுந்துவிடும். அடித்த காசை எடுத்துவிட்டு அடுத்த வில்லையை, அதாவது இன்னும் அச்சு விழாத வெற்று வட்டத்தை, வைப்பது குழிக்குள் இருப்பவர் வேலை. வைப்பது கையால்தான். அந்த விரல்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறும்.

உருக்குவது, உருளைகளுக்கு நடுவே விட்டுத் தகடாக்குவது, வில்லை வெட்டுவது, எடை பார்ப்பது எல்லாம் இதற்கு முன்பே முடிந்திருக்கும். அப்புறம், காசுக்கு அச்சு வெட்டியவரும் இந்தப் படத்தைச் செதுக்கியவரும் தொழிலில் பங்காளிகள். இருவர் கையிலும் கூரிய எஃகு உளி. இருவரும் இடவலம் மாற்றித்தான் செதுக்க வேண்டும்.

[திரையில்: சிறிய மேசைப் பொறி]

சரி, நான் காட்ட வந்தது இதைத்தான். வெள்ளிக் காசின் ஓரத்தைச் சுரண்டி, வெள்ளியைச் சேர்த்துக்கொண்டு, காசை மட்டும் முழு மதிப்புக்கே செலவழிப்பது அன்று பெரிய திருட்டு. விளிம்பில் எழுத்து இருந்தால் சுரண்டியது உடனே தெரிந்துவிடும். அதற்காக 1685-இல் பிரான்சில் புழக்கத்துக்கு வந்தது காஸ்தேங் என்பவரின் இந்தப் பொறி. எழுத்து வெட்டிய இரண்டு எஃகுச் சட்டங்கள். ஒன்று அசையாது, மற்றது கைப்பிடியைச் சுற்றினால் பல்சக்கரத்தோடு நகரும். நடுவில் வில்லை உருண்டு வரும்போது ஓரத்தில் எழுத்து ஏறிவிடும். ‘ஆண்டவரே, அரசரைக் காத்தருளும்’ என்று லத்தீனில்.

இங்கிலாந்தில் இதே மாதிரி வேலை 1660-களில் தொடங்கியபோது, வெளியே சொல்லமாட்டோம் என்று தொழிலாளர்களிடம் சத்தியம் வாங்கினார்கள். இந்தக் கலைக்களஞ்சியத்திலோ சட்டம், சக்கரம், கைப்பிடி என்று தனித்தனியாகப் பிரித்து வரைந்து, எண் போட்டு அச்சிட்டிருக்கிறார்கள். கைதேர்ந்த கொல்லர் ஒருவர் இந்தப் பக்கத்தை எதிரே வைத்துக்கொண்டே அந்தப் பொறியைச் செய்துவிடலாம்.