பிசாசுகளும் விசுவாசிக்கின்றனவாம்! அப்படியென்றால் வேதாகமம் கேட்கும் விசுவாசம் எது?

பிசாசுகளுக்குக் கடவுள் நம்பிக்கை உண்டு. இதை நான் சொல்லவில்லை, பைபிளே சொல்கிறது.

[திரையில்: யாக்கோபு 2:19]

"தேவன் ஒருவர் உண்டென்று விசுவாசிக்கிறாய், அப்படிச் செய்கிறது நல்லதுதான், பிசாசுகளும் விசுவாசித்து, நடுங்குகின்றன."

இந்தக் கடிதத்தை எழுதிய யாக்கோபுக்கு நக்கல் கொஞ்சம் அதிகம். "நல்லதுதான்" என்று முதுகில் தட்டிக்கொடுக்கிறார், அடுத்த மூச்சிலேயே பிசாசைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார வைக்கிறார். கடவுள் இருக்கிறார் என்று ஒத்துக்கொண்டால் போதும் என்றால், பிசாசு எப்போதோ பாஸ். நடுங்குவதால் கூடுதல் மதிப்பெண் வேறு!

அப்படியானால் வேதாகமம் கேட்கிற விசுவாசம் என்ன? அதற்கு ஒரு ராணுவ அதிகாரியைப் பார்க்க வேண்டும். இயேசுவையே ஆச்சரியப்பட வைத்த மனிதர் அவர். அதற்கு முன்னால் ஒரு நிமிடம் பாடப்புத்தகம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

[திரையில்: எபிரெயர் 11:1]

"விசுவாசமானது நம்பப்படுகிறவைகளின் உறுதியும், காணப்படாதவைகளின் நிச்சயமுமாயிருக்கிறது." யார் கேட்டாலும் முதலில் சொல்லப்படும் விளக்கம் இதுதான். எழுதியவர் யார் என்று அந்த நிருபத்திலேயே, அதாவது கடிதத்திலேயே, இல்லை. 3-ஆம் நூற்றாண்டிலேயே ஓரிஜென் என்ற அறிஞர், அது கடவுளுக்குத்தான் தெரியும் என்று கையை விரித்துவிட்டார். எனக்குப் பிடித்தது வேறு. அந்த அதிகாரத்தில் 40 வசனங்கள் இருக்கின்றன. இலக்கணம் போல ஒரு வரியைச் சொல்லிவிட்டு, ஆபேல், நோவா, ஆபிரகாம், சாராள், மோசே, ராகாப் என்று அந்த ஆசிரியர் ஆட்களிடம் போய்விடுகிறார். நாமும் அப்படியே ஆட்களிடம் போவோம்.

[திரையில்: கலிலேயா கடலோரம், கப்பர்நகூம்]

மத்தேயு 8, லூக்கா 7. கப்பர்நகூமில் நூற்றுக்கு அதிபதி ஒருவர் இருக்கிறார். பேர்தான் நூறு, அந்தக் காலத்து ரோமப் படைப்பிரிவில் பெரும்பாலும் 80 பேர்தான் இருப்பார்கள். இவர் யூதர் இல்லை. ஆனால் ஊர்ப் பெரியவர்களுக்கு இவரைப் பிடிக்கும், ஏனென்றால் தங்களுக்கு ஒரு ஜெப ஆலயமே கட்டிக்கொடுத்தவர் என்று லூக்காவில் அவர்களே சிபாரிசு செய்கிறார்கள். இன்றைக்குக் கப்பர்நகூம் போனால் வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லில் ஓர் அழகான ஜெப ஆலயத்தின் இடிபாடு இருக்கிறது. அது பல நூற்றாண்டுகள் பிந்தியது. அதற்கு அடியில் கறுப்பு எரிமலைக் கல் சுவர்கள் தெரிகின்றன, இவர் கட்டியது அதுதான் என்று சிலர் சொல்கிறார்கள். உறுதி இல்லை, ஆனால் படம் போடாமல் என்னால் இருக்க முடியவில்லை.

இவருடைய வேலைக்காரன் திமிர்வாதத்தில், அதாவது பக்கவாதத்தில், கிடக்கிறான். இயேசு "நான் வந்து அவனைச் சொஸ்தமாக்குவேன்" என்கிறார். நாமாக இருந்தால் உடனே வீட்டைப் பெருக்கியிருப்போம். இவரோ வர வேண்டாம் என்கிறார். "நீர் என் வீட்டுக்குள் பிரவேசிக்க நான் பாத்திரன் அல்ல, ஒரு வார்த்தைமாத்திரம் சொல்லும்."

காரணமும் சொல்கிறார் பாருங்கள், அங்கேதான் எனக்குப் புல்லரிக்கிறது. நானும் இன்னொருவருடைய அதிகாரத்துக்குக் கீழே இருப்பவன், எனக்குக் கீழேயும் சிப்பாய்கள் இருக்கிறார்கள், ஒருவனைப் போ என்றால் போகிறான், வா என்றால் வருகிறான் என்கிறார். ராணுவத்தில் உத்தரவு போடுகிறவன் பின்னாலேயே போய்ப் பார்க்கத் தேவையில்லை. அவன் சொல்லுக்குப் பின்னால் அவனை நியமித்த மொத்த அதிகாரமும் நிற்கிறது. உங்கள் சொல்லுக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்று எனக்குத் தெரிகிறது, அதனால் நீங்கள் நேரில் வர வேண்டிய அவசியமில்லை. அவர் சொல்வது இவ்வளவுதான்.

கவனித்தீர்களா? தனக்கு எவ்வளவு விசுவாசம் இருக்கிறது என்று அந்த மனிதர் ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு மனதைத் திடப்படுத்தவும் இல்லை. அவருடைய முழுக் கவனமும் எதிரில் நிற்கிறவர் யார் என்பதில்தான்.

இயேசு ஆச்சரியப்பட்டார் என்று எழுதியிருக்கிறது. "இஸ்ரவேலருக்குள்ளும் நான் இப்படிப்பட்ட விசுவாசத்தைக் காணவில்லை" என்றார். நான்கு சுவிசேஷங்களிலும் தேடிப் பாருங்கள். இயேசு ஒன்றைப் பார்த்து வியந்ததாகச் சொல்லும் இடங்கள் இரண்டு நிகழ்ச்சிகளில்தான் வருகின்றன. ஒன்று, இந்த அந்நிய அதிகாரியின் விசுவாசம். இன்னொன்று மாற்கு 6-இல், அவர் வளர்ந்த நாசரேத்து ஊராரின் அவிசுவாசம். வெளியாளிடம் இருந்ததைப் பார்த்தும் வியப்பு, சொந்த ஊரில் இல்லாததைப் பார்த்தும் வியப்பு! முதல் தடவை இதைக் கவனித்தபோது இதற்காகவே ஒரு வீடியோ போட வேண்டும் என்று தோன்றியது, அதுதான் இது.

இன்னும் இருக்கிறது. மத்தேயுவில் "உன் விசுவாசம் பெரிது" என்று இன்னொருவரும் பாராட்டு வாங்குகிறார். 15-ஆம் அதிகாரத்தில் வரும் கானானியப் பெண். அவரும் யூதர் இல்லை. அவரும் தனக்காகக் கேட்கவில்லை, மகளுக்காகக் கேட்கிறார். அங்கேயும் நோயாளி பக்கத்தில் இல்லை, தூரத்திலேயே குணமாகிறாள். அதே புத்தகத்தில் கூடவே சுற்றிய சீஷர்களுக்குக் கிடைத்த பட்டம் என்ன தெரியுமா? "அற்பவிசுவாசிகள்". புயலில் ஒரு தடவை, அப்பம் எடுத்துவர மறந்தபோது ஒரு தடவை. தண்ணீரில் நடந்த பேதுருவுக்குத் தனியாக ஒன்று! படகைவிட்டு இறங்கியதே அவர் ஒருவர்தான், பாவம்.

அந்த அதிகாரியின் கதை அங்கே முடியவில்லை. உலகமெங்கும் கத்தோலிக்கர்கள் திருப்பலியில் நற்கருணை வாங்குவதற்குச் சற்று முன்னால் சொல்கிறார்களே, நான் தகுதியற்றவன், ஒரு வார்த்தை மட்டும் சொல்லியருளும் என்று, அது இவருடைய வாக்கியம்தான். வேலைக்காரன் இருந்த இடத்தில் ஆன்மா வந்திருக்கிறது, அவ்வளவே.

[திரையில்: மாற்கு 9]

அப்புறம் எதிர்முனையில் ஒருவர். மகனுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு, தீயிலும் தண்ணீரிலும் விழுந்துவிடுகிறான். சீஷர்களிடம் கொண்டுபோய்ப் பார்த்தார், அவர்களால் முடியவில்லை. கடைசியில் இயேசுவிடம் "நீர் ஏதாகிலும் செய்யக்கூடுமானால்" என்கிறார். பாதி நம்பிக்கை, பாதி அலுப்பு. விசுவாசித்தால் கூடும் என்று பதில் வந்ததும் கண்ணீரோடு கத்துகிறார்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்."

ஒரே வாக்கியத்தில் இரண்டும். இதைவிட நேர்மையான ஜெபம் பைபிளில் வேறு இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம். போய் முழுசாக நம்பிவிட்டு வா என்று அவரைத் திருப்பி அனுப்பவில்லை. பையன் குணமானான்.

இங்கே எனக்கு ஒரு கோபம் உண்டு. விசுவாசம் என்பது போன் சார்ஜ் மாதிரி, 100 சதவீதம் ஏறினால்தான் அற்புதம் நடக்கும் என்று சிலர் பிரசங்கிக்கிறார்கள். நடக்கவில்லையென்றால் படுக்கையில் கிடக்கிறவர் மேலேயே பழி. உங்களுக்கு விசுவாசம் பத்தவில்லை என்பார்கள். சரி, பவுலுக்குப் பத்தவில்லையா? தன் உடம்பிலிருந்த முள் நீங்க மூன்று தரம் வேண்டினார், "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில்தான் வந்தது. தீமோத்தேயுவுக்கு அடிக்கடி உடம்பு முடியாமல் போனது, வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் குடி என்று நிருபத்தில் ஆலோசனை வருகிறது. துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடு விட்டுவந்தேன் என்று இன்னொரு நிருபம். இயேசு உயிரோடு எழுப்பிய லாசருவை விடுங்கள், அவர் செத்து நாலு நாள்! அவரிடம் எத்தனை சதவீதம் இருந்திருக்கும்?

நாசரேத்தில் அவிசுவாசத்தினால் அற்புதங்கள் நடக்கவில்லையே என்று கமெண்டில் யாராவது கேட்பீர்கள். கேளுங்கள், நியாயமான கேள்விதான். ஆனால் அது கேட்கவே மனமில்லாமல் ஒதுக்கித் தள்ளிய ஊர். அங்கேயும் வந்த சில நோயாளிகள் குணமானார்கள் என்று அதே வசனத்தில் இருக்கிறது.

பவுலா யாக்கோபா சண்டையை வேகமாக முடித்துவிடுகிறேன். விசுவாசத்தினாலே மனுஷன் நீதிமான் ஆகிறான் என்று பவுல் எழுதினார், விசுவாசத்தினாலே மாத்திரமல்ல என்று யாக்கோபு எழுதினார். இருவருக்கும் சாட்சி ஒரே ஆள், ஆபிரகாம். இருவரும் காட்டுவது ஆதியாகமம் 15:6, ஆபிரகாம் விசுவாசித்தார், அது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது என்ற வசனம். பவுல், விருத்தசேதனத்துக்கு முன்பே அது எண்ணப்பட்டது என்று முன்னால் பார்க்கிறார். யாக்கோபு, பிறகு ஈசாக்கைப் பலிபீடத்துக்குக் கொண்டுபோனாரே என்று பின்னால் பார்க்கிறார். சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1522-இல் தன் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் ரோமர் 3:28-இல் "மாத்திரம்" என்று சேர்த்தார், சண்டை சபைகளுக்குள் பெரிதானது. 1999-இல் ஆக்ஸ்பர்க்கில் கத்தோலிக்கரும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் இதைப் பற்றிக் கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். 477 வருடம். விடுங்கள், குடும்பச் சண்டை.

[திரையில்: தானியேல் 3]

சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ. ராஜா நிறுத்திய சிலையை வணங்காவிட்டால் எதிரில் எரிகிற சூளை. எங்கள் தேவன் விடுவிக்க வல்லவர் என்று நேபுகாத்நேச்சார் ராஜாவிடம் சொல்கிறார்கள். அது எல்லாருக்கும் மனப்பாடம். அடுத்த வசனம் "விடுவிக்காமற்போனாலும்" என்று தொடங்குகிறது. வணங்க மாட்டோம், முடிந்தது. தப்புவோம் என்ற உத்தரவாதத்தின் மேல் அவர்கள் நிற்கவில்லை, அந்தத் தேவன் மேல் நிற்கிறார்கள்.

எபிரெயர் 11 இதைத்தான் இன்னும் கூர்மையாகச் சொல்கிறது. 34-ஆம் வசனத்தில் விசுவாசத்தினாலே சிலர் பட்டயத்துக்கு, அதாவது வாளுக்கு, தப்பினார்கள். 37-ஆம் வசனத்தில் வேறு சிலர் பட்டயத்தினாலேயே வெட்டப்பட்டார்கள், சிலர் ரம்பத்தால் அறுக்கப்பட்டார்கள். நடுவில் இரண்டே வசனம். 39-இல் இவர்கள் எல்லாரும் விசுவாசத்தினாலே நற்சாட்சி பெற்றார்கள் என்கிறார். தப்பியவருக்குப் பெரிய விசுவாசம், செத்தவருக்குச் சின்ன விசுவாசம் என்று அவர் பிரிக்கவே இல்லை.

அதே பட்டியலில் சிம்சோன் இருக்கிறார், அவசரப்பட்டுப் பொருத்தனை செய்து மகளை இழந்த யெப்தாவும் இருக்கிறார். யெப்தா எப்படி உள்ளே வந்தார்? நியாயாதிபதிகள் 11-ஐ ஒருமுறை படித்துவிட்டு உங்கள் பதிலைக் கமெண்டில் போடுங்கள். அடுத்த வீடியோ அவரைப் பற்றித்தான்.